தேயாத பாதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. காலையிலிருந்து நாலு பேருக்குச் செயற்கைக் கால் செய்ய மாவு அச்சு எடுத்தேன். நாலாவது ஆள் ஒரு பெயிண்டர். மாவு காய்கிறவரை அசையாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லியும், வெட்டியது போக மிச்சமிருக்கிற காலை ஆட்டி அச்சைக் கெடுத்துவிட்டார். "காலு போனது பத்தாதுன்னு காதும் போச்சா?" என்று கேட்டேன். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மதியம் எங்கள் நிலைய இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மாற்றுத்திறனாளிகள் நலனிலும் பொதுச் சுகாதாரத்திலும் உழைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறார்களே, அந்த விருது. இந்த வருடம் இறுதிப் பட்டியலில் மூன்று பேர். அதில் ஒருவன் நான். செயற்கைக் கால் கொடுக்கிற எல்லா இடத்திலும் இரண்டு வருடத்துக்குள் பாதிக் கால்கள் மூலைக்குப் போய்விடுமாம். எங்கள் நிலையத்தில் நாலு வருடத்தில் கொடுத்த 212 கால்களில் 204 தினமும் நடக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஏற்பாடு என்னுடையது. அதற்குத்தான் விருது.

வீட்டில் சொன்னேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குளியலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அதுக்கும் ஏதாவது விருது இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

ஆனாலும் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா வீடு. ஞாயிறு பதினோரு மணி என்றால் அக்கா வீடு, இருபது வருடமாக. மணி அடித்தால் நின்றுகொண்டே கதவைத் திறப்பாள். பதினாலு வயதில் லாரியில் அடிபட்டு முழங்காலுக்குக் கீழே போனது அவளுக்கு. எனக்கு அப்போது ஒன்பது. அவள் ஊன்றுகோலில் பள்ளிக்கூடம் போவாள், இரண்டு பையையும் நான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அவளால்தான். இப்போது அவள் போட்டிருப்பது நான் செய்த ஐந்தாவது கால்.

விண்ணப்பத்தின் முதல் பத்தியே அவள்தான். விழா மேடைக்குப் பயனாளி ஒருவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யார்?

"உனக்கு எதுக்குடா விருது? நியாயமா எனக்குக் குடுக்கணும். உன் திட்டையெல்லாம் இத்தனை வருஷமாத் தாங்கறேனே!"

விழாவுக்கென்று புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். பிரித்துக் காட்டினாள். பச்சை.

பிப்ரவரி 12, வியாழன்

விருதுக் குழுவுக்கு மூன்று படம் அனுப்ப வேண்டும். தையல்காரர் வீட்டுக்குப் போனேன். செயற்கைக் காலால் தையல் இயந்திரத்தை மிதிக்கிற மாதிரி எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று எழுதியது அரைகுறை. என் நோட்டிலேயே நான் பூசி மெழுகினால் வேறு எங்கே போய் உண்மையைச் சொல்வது?

நான் போவதற்கு முந்தின நாள், எங்கள் அலுவலகத்துத் தட்டச்சம்மா அந்த வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவார். ஆள் வீட்டில் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று நானே வைத்த வழக்கம். நேற்று அந்தம்மா விடுப்பு. வழிதானே என்று சொல்லாமல் போய்விட்டேன். கதவு திறந்தே இருந்தது. தையல்காரர் தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். நான் செய்த கால் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் கிண்ணத்துக்குள், அவருடைய மிச்சக் கால் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு குடை.

அவர் மனைவி என்னைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஐயையோ, சார் வந்துட்டாரு! காலை எடு, காலை எடு!"

குடையை உருவி எறிந்தார்கள். மனுஷன் வியர்க்க வியர்க்க மாட்டினார். அவசரத்தில் வாரை மாற்றிப் போட்டார். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள், பிள்ளைகள் வாத்தியாரைப் பார்ப்பது போல.

நான் என்ன செய்தேன்? வாரைச் சரியாகப் போட்டுவிட்டேன். இயந்திரத்தில் உட்கார வைத்தேன். படம் எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க" என்று வேறு சொன்னேன்.

சீ.

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்காவுக்கு ஃபோன் செய்து தலைவலி என்று சொல்லிவிட்டேன். பொய்தான்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று பட்டறையில் ஒரு புதுப் பாதத்தைக் கையில் எடுத்தேன். எங்கள் பாதம் செருப்பு வேண்டாத ரப்பர் பாதம். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று இருக்கும், நகம் பட்டால் தெரியும். ஒரு ஆள் தினமும் நடந்தால் இரண்டே மாதத்தில் குதிகாலில் அந்த வரம்பு தேய்ந்துபோகும். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அடியைக் காட்டு, ஆள் எப்படி நடக்கிறான் என்று சொல்கிறேன் என்று மார்தட்டியிருக்கிறேன்.

தையல்காரரின் கால் பதின்மூன்று மாதப் பழசு. குதிகாலில் வரம்பு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை மட்டுமா பார்த்தேன்? ஒவ்வொரு வீட்டிலும் காலைக் கவிழ்த்துத் திருகு பார்ப்பது நான்தானே. எத்தனை அடிகளைப் பார்த்திருப்பேன். படிவத்தில் 'தினமும் அணிகிறாரா?' - ஆம். 'பராமரிப்பு?' - மிக நன்று. புதுசு மாதிரி இருந்ததால் மிக நன்று! குருடனுக்குத் தெரியாது என்றால் நியாயம். எனக்கு என்ன கேடு?

பிப்ரவரி 19, வியாழன்

மூன்று நாளாக யாருக்கும் சொல்லாமல் வீடுகளுக்குப் போகிறேன். பதினோரு வீடு. கால் காலில் இருந்தது நாலே வீட்டில். ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில். ஒரு வீட்டில் பரணில், துணி சுற்றி, பத்திரமாக. எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள், என்னிடம்.

இன்றைக்குச் சலவைக் கடையம்மா. நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவர். சர்க்கரை வியாதிக்காரர். ஒற்றைக் காலில் மேசையில் சாய்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். மிச்சக் காலில் துணிக் கட்டு. அவிழ்த்தேன். அடி நுனியில் புண், ஆழம்.

"எப்போலேருந்து இது?"

"போன தடவ நீங்க வந்தீங்கல்ல சார், அதுக்கு மறுநாள்லேருந்து."

பத்து மணிக்கு வருவார் என்று ஃபோன் வந்ததாம். எட்டுக்கே மாட்டிக்கொண்டாராம். நான் போய்ச் சேர்ந்தது மூன்று மணிக்கு.

"நடுவுல கழட்டி வெச்சிருக்கலாமே?"

"கழட்டி வெச்ச நேரம் பார்த்து நீங்க வந்துட்டா?"

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னம்மா!" குரல் ஏறிவிட்டது. பாழாய்ப்போன குரல்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். "மொத தடவையே சொன்னேனே சார். வீட்ல பயிற்சி பண்ணாம இங்க வந்து வலி வலின்னு அழுதா, உனக்கு நான் நடிக்கவா சொல்லித் தரேன்னு கேட்டீங்க. வரிசையில அவ்வளவு பேர் இருந்தாங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம்.

கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எலும்பு வரை போயிருந்தால் முழங்காலையும் எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். இரண்டு வாரம் போனால் தெரியும். வெளியே வரும்போது அந்தம்மா என்னைச் சமாதானப்படுத்துகிறார். "விடுங்க சார். நீங்களும் பாவம், எவ்வளவு தூரம் வர்றீங்க."

திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் காலின் அடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இயக்குநரிடம் சொன்னேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்றார். கதவைச் சாத்தினார்.

"நீங்க போனப்ப அவங்க போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"தினமும் போடறோம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப இதுல பொய் எங்க இருக்கு? கேட்டோம், சொன்னாங்க, எழுதினோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இந்த விருதை நம்பித்தான் ரெண்டு ஊர்ல புதுப் பட்டறை தர்றதாச் சொல்லியிருக்காங்க. நானூறு பேர் காத்திருக்காங்க. உங்க மனசாட்சிக்காக அவங்க ஊன்றுகோல்லயே நடக்கணுமா?"

அந்த நானூறு பேரும் பொய்யில்லையே. வெளியே வந்து பெயிண்டரின் கிண்ணத்துக்கு உப்புத்தாள் போட்டேன். அந்த வேலையாவது ஒழுங்காக வரட்டும் என்று.

நான் பேசாமல் வந்ததற்கு நானூறு பேர் மட்டும்தான் காரணமா? இல்லை. மேடையும் காரணம். எழுதிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் விடுப்புப் போட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். புதன்கிழமை. சொல்லவில்லை. வாசலில் நிற்கும்போதே உள்ளே ஒரு சத்தம் - கடகடவென்று, சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. கூடவே அக்காவின் பாட்டு. அவள் பாடி நான் கேட்டு எத்தனை வருடம்! ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரையோடு தரையாக ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம். அதில் உட்கார்ந்து கையால் தள்ளிக்கொண்டு போகிறாள். என்ன வேகம்! அடுப்புப் பக்கம் ஒரு தள்ளு, அலமாரிப் பக்கம் ஒரு தள்ளு. அடுப்பும் அலமாரியும் அவள் உயரத்துக்குத் தாழ்வாக இருந்தன. இருபது வருடமாகப் போகிறேன், அந்தச் சமையலறைக்குள் நான் நுழைந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் மேசைக்கு வந்து தயாராக இருக்கும். அவள் எழுந்திருக்கவே மாட்டாள். நான் கிளம்பும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மணி அடித்தேன். பாட்டு நின்றது. எண்ணிக்கொண்டு நின்றேன்: ஆறு நிமிடம். வார் இழுபடுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? கதவு திறந்தது. நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை.

"என்னடா, புதன்கிழமையில?"

"எத்தனை வருஷமாக்கா?"

முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, என் எதிரிலேயே, காலைக் கழற்றிக் கீழே வைத்தாள். தோல் சிவந்திருந்தது. ஆறு நிமிடத்துக்கே.

"மூணாவது காலுலேருந்து."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னேனே. வீட்டுக்குள்ள இது ஒத்துவரலடா, கீழ உக்கார முடியல, கடிக்குதுன்னு. 'உனக்கு நடக்கச் சோம்பேறித்தனம், ஊர்ல இருக்கறவனெல்லாம் என் காலுல ஓடறான்'ன்னு சொல்லிட்டுப் போனவன்தான். மூணு மாசம் இந்த வாசலை மிதிக்கல நீ." சிவந்த தோலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "மூணு மாசம்டா. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டா தம்பி வருவான்னா, மாட்டிக்கிட்டுப் போறேன். அதுல என்ன குறைஞ்சுபோச்சு எனக்கு?"

இதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வேலை மும்முரத்தில் மூன்று மாதம் போகவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

குனிந்து காலை எடுத்தேன். ஐந்தாவது கால், நாலு வருடம். கவிழ்த்தேன். வரம்பு இருந்தது.

அழுதேன். ஐம்பத்துநாலு வயதில், அக்கா முன்னால், காலை மடியில் வைத்துக்கொண்டு. அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "போதும்டா. பதினாலாந்தேதி மேடைக்கு நான் மாட்டிக்கிட்டு வரேன். ஒரு நாள் கூத்துதானே."

மார்ச் 7, சனி

விருதுக் குழுவுக்குக் கடிதம். முதல் தாளில் 'என் கவனத்துக்கு வராமலே' என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். இரண்டாவதில் 'பயனாளிகள் உண்மையைத் தெரிவிக்காததால்'. கிழித்தேன். நாலாவது தாளில்தான் வந்தது: 'அடி தேயாததை நான் பார்த்தேன். பார்த்தும் ஆம் என்று எழுதினேன். அவர்கள் சொல்லாததற்குக் காரணம் நான் அவர்களிடம் பேசிய விதம்.' இதுவரை சொல்லாமல் நாற்பது வீடு போனதையும், தினமும் அணிகிறவர்கள் பதிமூன்று பேர் என்பதையும் எழுதினேன். தையல்காரர் படத்தை எப்படி எடுத்தேன் என்பதையும்.

அனுப்பவில்லை. பைக்குள் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள்; சலவைக் கடையம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "கால் வீட்ல இருக்கு சார், இங்க போடக் கூடாதுன்னுட்டாங்க" என்று கணக்கு ஒப்பிக்கிறார். புண்ணோடு படுத்திருக்கிறவர்.

நேரே தபால் நிலையம் போனேன். கடிதம் போய்விட்டது.

மார்ச் 11, புதன்

குழுவின் செயலாளர் ஃபோன் செய்தார். வயதான குரல். "இந்த மாதிரி கடுதாசி எங்களுக்கு வந்ததே இல்லைங்க. எந்த ஃபைல்ல வைக்கறதுன்னே தெரியல." விருது வேறொருவருக்குப் போகிறது. கிராமம் கிராமமாகப் போய்க் காது கேட்கிறதா என்று குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்கிற செவிலியாம். புதுப் பட்டறைகளை மறுபடி பரிசீலிப்பார்களாம்.

இயக்குநர் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டச்சம்மா மட்டும் மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. "என்ன பாக்கறீங்க? ஒத்துக்கிட்டதுக்கு ஒரு விருது வேணுமா?" என்றாள். சுருக்கென்றது. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். கத்திவிட்டாள். அவள் கத்தி நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டு வேண்டாம்னே? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, எதுக்குடா? ஒரு நாள் உன்னை நாலு பேர் நடுவுல நிமிர்த்தி நிக்கவெச்சுப் பாக்கணும்னுதானே? அதையும் நீயே முடிவு பண்ணிக்கிட்டே. எப்பவும் நீயே முடிவு பண்ணு. போடா. ஞாயித்துக்கிழமை வராதே."

சரியாகத்தான் கேட்டாள். கடிதத்தில் அவள் காலைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவளைக் கேட்டேனா?

மார்ச் 14, சனி

விழா நாள். குளியலறைக் குழாயைச் சரி செய்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பதினோரு மணி. போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்றும்.

மூன்று மாதம் வராத தம்பிக்காக அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று இரண்டே வாரத்தில் தெரிகிறது.

மார்ச் 27, வெள்ளி

சலவைக் கடையம்மாவின் முழங்கால் தப்பியது. எலும்புக்குப் போகவில்லை, புண் மூடுகிறது. முழுதாக ஆற இன்னும் இரண்டு மாதம், அதற்குப் பிறகுதான் புது அச்சு.

படிவத்தை மாற்றிவிட்டேன். முதல் கேள்வி, 'எங்கே வலிக்கிறது?' முன்னால் ஃபோன் செய்கிற வழக்கத்தை நிறுத்தவில்லை. சொல்லாமல் போய் நிற்பதும் ஒருவிதத் திருட்டுத்தனம்தான். ஆனால் தட்டச்சம்மா இப்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறார்: "கால் மாட்ட வேண்டாம், சார் கழட்டித்தான் பார்ப்பாராம்."

இன்று பெயிண்டர் முதல் தடவை மாட்டி நின்றார். முகம் சுளித்தது. வாயைத் திறக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"சார்... கோச்சுக்க மாட்டீங்களே? உள்பக்கம் லேசா..."

"எங்க? விரலை வெச்சுக் காட்டுங்க."

காட்டினார். நான்கு முறை கழற்றித் தேய்த்தேன். ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. அன்று காதைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் அக்கா ஃபோன் செய்தாள். ஒரே வாக்கியம். "ஒரு சக்கரம் மாட்டிக்கிச்சு, திருப்புளி எடுத்துட்டு வா."

பதினோரு மணிக்குப் போய் மணி அடித்தேன். எண்ண ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. எதிரே யாரும் இல்லை.

"கீழ பாருடா."

பலகையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பச்சைத் துணியைக் கட்டியிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "முதல்ல வேலையைப் பாரு" என்று முன்னால் போனாள், ஒரு சக்கரம் இழுத்து இழுத்துக் கீச்சிட. சமையலறைக்குள் முதல் தடவை நுழைந்தேன். அங்கே உட்காரத் தரைதான். உட்கார்ந்தேன்.

அவளும் தரைக்கு இறங்கியதும் பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டதில் முடியும் நூலும் சுற்றியிருந்தன. எடுத்துவிட்டு, கை பழக்கத்தில், மற்றவற்றையும் விரலால் தடவினேன்.

நாலு சக்கரமும் தேய்ந்து, விளிம்பே இல்லாமல் போயிருந்தன.

"என்னடா முழிக்கறே?"

"புதுசு மாத்தணும்க்கா."

"அளவு எடுத்துக்கோ" என்றாள். "எங்க இடிக்குதுன்னு நான் சொல்றேன், எழுதிக்கோ."